ஆறு தூங்குகிறதா?

பரமார்த்த குருவையும் அவருடைய ஐந்து சீடர்களையும் உங்களுக்குத் தெரிந்திருக்கும். மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்று முத்தான ஐந்து பேர்! இந்தக் கோஷ்டி ஒருநாள் ஆற்றங்கரைக்கு வந்து சேர்கிறது. ஆறு விழித்திருந்தால் ஆளை விழுங்கிவிடும், அது தூங்கும்போதுதான் கடக்கவேண்டும் என்பது குருவின் பயம். சீடன் ஒருவன் எரிகிற கொள்ளிக்கட்டையை எடுத்துக்கொண்டுபோய்த் தண்ணீரில் வைத்துப் பார்க்கிறான். ‘சுர்ர்ர்’ என்று சத்தம், குபுகுபுவென்று புகை! அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, “சாமி, ஆறு முழிச்சிக்கிட்டிருக்கு, தொட்டவுடனே சீறுது” என்கிறான். அப்புறம் வெகுநேரம் கழித்து, அதே கட்டையை (இப்போது அது அணைந்து, நனைந்துபோய்க் கிடக்கிறது) மறுபடியும் தண்ணீரில் வைக்கிறார்கள். ‘கம்’மென்று இருக்கிறது ஆறு. “தூங்கிடுச்சு சாமி, வாங்க போகலாம்!”

சின்ன வயதில் விழுந்து விழுந்து சிரித்த கதை. ஆனால், கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தச் சீடன் சோதனையெல்லாம் சரியாகத்தான் செய்தான். சத்தத்தையும் சரியாகத்தான் கேட்டான். சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதில்தான் கோட்டை விட்டான். ‘சுர்’ என்றது ஆறு அல்ல, அவன் கையில் இருந்த கட்டை!

இந்தக் கதையை எழுதியவர் வீரமாமுனிவர். இத்தாலியில் 1680-ல் பிறந்த பெஸ்கி பாதிரியார். 1822-ல் லண்டனில் பாபிங்டன் என்பவர் இதை அச்சிட்டு வெளியிட்டார். பெஸ்கி பல காலம் வாழ்ந்து, அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய ஊர் ஏலாக்குறிச்சி. கொள்ளிடத்துக்கு வடகரையில், அரியலூர் மாவட்டத்தில் இருக்கிறது. ‘திருக்காவலூர்’ என்று அழகாக ஒரு பெயரும் வைத்தார். தஞ்சாவூரிலிருந்து போனால், திருமானூர் தாண்டித் திரும்பவேண்டும்.

அந்த ஏலாக்குறிச்சியில்தான், போன வருஷம் எனக்கு இந்தக் கதை மறுபடி ஞாபகம் வந்தது. ஒரு லேப்டாப்பினால்!

அங்கே என் தங்கை வீடு இருக்கிறது. அவள் மகள் காலேஜில் கடைசி வருஷம். ப்ராஜெக்ட் முழுக்க ஒரு பழைய லேப்டாப்பில், செகண்ட் ஹேண்டில் வாங்கியது. நான் போய் இறங்கிக் காபி குடிப்பதற்குள் புகார் வந்துவிட்டது. “மாமா, இதுலேர்ந்து ‘கீஈஈ’ன்னு ஒரு சத்தம் வருது. தலைவலியா இருக்கு.”

காதை வைத்துக் கேட்டேன். ஒன்றும் இல்லை. தங்கையும் கேட்டாள். ஒன்றும் இல்லை. “பாத்தீங்களா அண்ணே? படிக்கிறதுக்கு சோம்பேறித்தனம். புதுசு வாங்கிக் கேக்குறதுக்கு இப்படி ஒரு சாக்கு” என்று தீர்ப்பும் சொல்லிவிட்டாள். அந்தப் பெண்ணின் முகம் சுருங்கிவிட்டது.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த தங்கையின் மாமியார், தன் பங்குக்கு ஒன்று சொன்னார். “எனக்கும்தான் கிரைண்டரைத் தொட்டா கை சுர்ருங்குது. யார் கேக்குறா?” எல்லோரும் சிரித்தோம். எழுபது தாண்டியவர், நரம்புத் தளர்ச்சி என்று மாத்திரையும் வாங்கிக் கொடுத்திருந்தார்கள்.

இந்த இரண்டு ‘சுர்’ரையும் அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் இத்தாலிவரை போய்விட்டு வரலாம்.

பெஸ்கி பிறந்த காஸ்திலியோனே, இத்தாலியின் லொம்பார்தி பகுதியில் இருக்கிறது. அவர் இறந்தது 1747-ல். அதற்கு இரண்டு வருஷம் முன்னால், அதே லொம்பார்தியில் கோமோ என்ற ஊரில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் அலெஸாந்த்ரோ வோல்ட்டா. ஆமாம், ‘230 வோல்ட்’ என்று நாம் சொல்கிறோமே, அந்த வோல்ட்டேதான்! 1800-ல் இவர் துத்தநாகத் தகடு, வெள்ளித் தகடு, நடுவே உப்புத் தண்ணீரில் நனைத்த அட்டை என்று அடுக்கடுக்காக வைத்து உலகின் முதல் பேட்டரியைச் செய்தார். செய்தவர் சும்மா இருந்தாரா? கம்பிகளை நாக்கில் வைத்துப் பார்த்தார். கண்ணருகே வைத்துப் பார்த்தார். கடைசியில், இரண்டு காதுக்குள்ளும் இரண்டு உலோகக் குச்சிகளைச் செருகிக்கொண்டு மின்சாரத்தைப் பாய்ச்சிக்கொண்டார்!

மண்டைக்குள் ஓர் அதிர்ச்சி. சில நொடிகளில் ஒரு சத்தம். கெட்டியான ஏதோ ஒன்று அடுப்பில் கொதிக்கிற மாதிரி ‘களக் களக்’கென்று கேட்டதாக லண்டன் ராயல் சொசைட்டிக்குக் கடிதம் எழுதினார். மூளைக்கு ஆபத்தோ என்று பயந்து அதற்குப் பிறகு அந்தப் பக்கமே போகவில்லை மனிதர். ஆனால், அறையில் வேறு யாராவது இருந்திருந்தால் அவர்களுக்கு ஒரு சத்தமும் கேட்டிருக்காது. காரணம், சத்தம் காற்றில் இல்லை, வோல்ட்டாவின் தலைக்குள் இருந்தது! அந்த வழியைப் பிடித்துக்கொண்டுதான் 1957-ல் பாரிஸில் இரண்டு பேர், காது கேளாத ஒருவரின் செவி நரம்பை மின்சாரத்தால் தூண்டிப் பார்த்தார்கள். இன்றைக்குக் குழந்தைகளுக்குக் காதில் பொருத்துகிற காக்ளியர் கருவிக்கு அதுதான் பிள்ளையார் சுழி.

சரி, மின்சாரம் நிஜமாகவே, காற்றில், நாலு பேருக்குக் கேட்கிற மாதிரி சத்தம் போடுமா? போடும். 1837-ல் அமெரிக்காவில் சார்லஸ் பேஜ் என்பவர் கம்பிச் சுருளில் மின்சாரத்தைக் கொடுத்துக் கொடுத்து நிறுத்தினார். ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் இருந்த காந்தம் ‘டிங்’ என்று மணி அடித்தது. ‘மின்சார சங்கீதம்’ என்றே அதற்குப் பெயர் வைத்தார். ஏன் அடித்தது? 1842-ல் இங்கிலாந்தின் ஜூல் பதிலைக் கண்டுபிடித்தார். இரும்பைக் காந்தமாக்கினால், கண்ணுக்கே தெரியாத அளவுக்கு அதன் நீளம் மாறுகிறது! மாறி மாறி மின்சாரம் பாய்ந்தால், இரும்பு நீண்டு சுருங்கி, நீண்டு சுருங்கி மூச்சு விடுகிறது. உங்கள் தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர் ‘உம்ம்ம்’ என்று முனகுவது இதனால்தான். நம் மின்சாரம் நொடிக்கு 50 சுற்று. ஒவ்வொரு சுற்றிலும் இரும்பு இரண்டு முறை நீள்கிறது. ஆகவே, அந்த முனகல் நொடிக்கு 100 அதிர்வு.

அடுத்து 1880-ல் பாரிஸில் ஜாக் க்யூரி, பியர் க்யூரி என்ற அண்ணன் தம்பி, சில படிகங்களை அழுத்தினால் மின்சாரம் வருவதைக் கண்டார்கள். (தம்பிதான் பிற்பாடு மேரி க்யூரியின் கணவர்.) மறுவருஷமே, மின்சாரத்தைக் கொடுத்தால் படிகம் நெளியும் என்பதும் உறுதியாயிற்று.

இப்போது லேப்டாப்பைத் திறந்து பார்த்தால், உள்ளே பேஜும் ஜூலும் க்யூரி சகோதரர்களும் உட்கார்ந்திருப்பார்கள்! சுண்டுவிரல் நகம் அளவுக்குக் கம்பிச் சுருள்கள். அரிசிமணி அளவுக்கு பீங்கான் கெப்பாசிட்டர்கள். சார்ஜரிலிருந்து வரும் 19 வோல்ட்டை, சிப்புக்குத் தேவையான ஒரு வோல்ட் சுமாருக்கு இறக்க, நொடிக்கு லட்சக்கணக்கான தடவை மின்சாரத்தைத் திறந்து மூடிக்கொண்டே இருக்கவேண்டும். அவ்வளவு வேகம் நம் காதுக்கு எட்டாது. ஆனால், வேலை ஏறி இறங்கும்போது அந்தத் திறப்பு மூடலும் விட்டுவிட்டு நடக்கிறது. அந்த ஏற்ற இறக்கம் மனிதக் காதின் எல்லைக்குள் வந்து விழுந்தால், சுருள் அதிரும், பீங்கான் நெளியும், ‘கீஈஈ’! படத்தை மேலும் கீழும் நகர்த்தும்போது கீச்சுக்குரல் மாறினால், சந்தேகமே வேண்டாம், இதுதான். எரிச்சல்தானே தவிர, ஆபத்து இல்லை.

மனிதக் காது நொடிக்கு 20 முதல் 20,000 அதிர்வுவரை கேட்கும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அது இளசுகளின் காதுக்கு. வயது ஏற ஏற மேலேயிருந்து கதவை மூடிக்கொண்டே வருகிறது இயற்கை. ஐம்பது தாண்டியவருக்குப் பன்னிரண்டாயிரத்துக்கு மேல் கேட்பதே பெரிய விஷயம். ஆக, அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. எங்களுக்குத்தான் காது கேட்கவில்லை! இதைச் சொன்னதும் தங்கை ஒன்றும் பேசவில்லை. மகளுக்கு ஒரு காபி மட்டும் கூடுதலாக வந்தது.

அந்தக் காலத்துக் கம்ப்யூட்டர்காரர்கள் இந்தச் சத்தத்தை விரட்டவில்லை, வரவேற்றார்கள் என்பது தெரியுமா? ஆஸ்திரேலியாவின் ‘சிஸ்ராக்’, இங்கிலாந்தின் ‘ஃபெராண்டி மார்க் ஒன்’ போன்ற ஆரம்பகால இயந்திரங்களுக்கு, கூடவே ஒரு ஸ்பீக்கர் வைத்தார்கள். புரோகிராம் ஓடும்போது அது பாட்டுக்கு ஏதோ முனகும். பழகிய ஆபரேட்டர் டீ குடித்துக்கொண்டே, ‘கணக்கு முடிஞ்சுது’, ‘இல்லை, மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல சுத்துது’ என்று காதாலேயே கண்டுபிடித்துவிடுவார். நம்மூர் மெக்கானிக் புல்லட் சத்தத்தைக் கேட்டு வைத்தியம் சொல்வதைப்போல! 1951-ல் அந்த ஸ்பீக்கர்களை வைத்துப் பாட்டே வாசிக்கவைத்தார்கள்.

ஆனால், காதுள்ளவன் நல்லவனாக மட்டும் இருப்பான் என்று யார் சொன்னது? 2013 டிசம்பரில் இஸ்ரேலைச் சேர்ந்த கென்கின், ஷமிர், டிரோமர் என்ற மூன்று பேர் வெளியிட்ட ஆய்வு, கம்ப்யூட்டர் உலகத்தைத் தூக்கிவாரிப் போட்டது. லேப்டாப் ரகசியக் குறியீட்டை அவிழ்க்கும்போது, கணக்குக்குத் தக்கபடி அந்தக் கீச்சுச் சத்தம் துளித்துளி மாறுகிறது. அதைப் பக்கத்தில் வைத்த ஒரு மைக் மூலம் கேட்டு, ஒரு மணி நேரத்துக்குள் 4,096 பிட் நீளமுள்ள ரகசியச் சாவியை எடுத்துக்காட்டினார்கள்! நாலு மீட்டர் தள்ளி நின்றும், அருகில் ஒரு செல்போனை வைத்தும்கூட முடியும் என்றார்கள். அந்த மென்பொருளை உடனடியாகத் திருத்தினார்கள் என்பது வேறு விஷயம். இதில் வேடிக்கை, ஆர்.எஸ்.ஏ. என்ற அந்தப் பூட்டை 1977-ல் செய்த மூவரில் ஒருவர் இதே ஷமிர்தான். தன் பூட்டைத் தானே திறந்துகாட்டினார்!

சரி, கீச்சுச் சத்தத்துக்குக் காரணம் கிடைத்துவிட்டது, கிளம்பலாம் என்று நினைத்தபோது, அந்தப் பெண் இன்னொன்று சொன்னாள். “ஹெட்ஃபோன் போட்டா ‘உர்ர்ர்’னு இன்னொரு சத்தமும் வருது மாமா. சார்ஜர் போட்டா மட்டும்.”

வாங்கி மாட்டிக்கொண்டேன். இது எனக்கும் கேட்டது! தடித்த உறுமல். சார்ஜரைப் பிடுங்கினால் நின்றது. செருகினால் வந்தது. மூடியின் உலோக ஓரத்தைப் புறங்கையால் மெல்லத் தடவினால், எறும்பு ஊர்கிற மாதிரி ஒரு கூச்சம். அந்த நேரம் பார்த்து, சமையலறையில் பாட்டி கிரைண்டரைப் போட்டார். உறுமல் ஒரு சுற்று ஏறியது.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. சத்தம் லேப்டாப்பில் இல்லை. சத்தம் வீட்டில்!

இந்த மாதிரி இடத்தில்தான் பெரிய பெரிய ஆட்களே தடுமாறியிருக்கிறார்கள். 1930-களின் தொடக்கத்தில், கடல் தாண்டிப் பேசும் ரேடியோ டெலிபோனில் வருகிற இரைச்சல் எதனால் என்று கண்டுபிடிக்க, அமெரிக்க பெல் ஆய்வுக்கூடம் கார்ல் ஜான்ஸ்கி என்ற இளைஞரைப் போட்டது. பக்கத்து இடி, தூரத்து இடி, இரண்டையும் கழித்தார். அப்புறமும் ஒரு ‘ஸ்ஸ்ஸ்’ மிச்சம் இருந்தது. அது 24 மணி நேரத்துக்கு ஒருமுறை அல்ல, 23 மணி 56 நிமிடத்துக்கு ஒருமுறை உச்சத்துக்கு வந்தது. அது சூரியக் கணக்கு அல்ல, நட்சத்திரக் கணக்கு! பால்வீதியின் மையத்திலிருந்து வருகிறது என்று 1933-ல் அறிவித்தார். 1964-ல் அதே கம்பெனியின் பென்சியாஸும் வில்சனும், தங்கள் ஆன்டெனாவில் விடாமல் கேட்ட இரைச்சலுக்கு, உள்ளே கூடு கட்டியிருந்த புறாக்களைச் சந்தேகப்பட்டார்கள். பிடித்துக்கொண்டுபோய் விட்டார்கள், திரும்பி வந்தன. எச்சத்தையெல்லாம் கழுவித் துடைத்தார்கள். இரைச்சல் போகவில்லை. கடைசியில் பார்த்தால், அது பிரபஞ்சம் பிறந்தபோது எழுந்த வெப்பத்தின் மிச்சம்! 1978-ல் நோபல் பரிசு. பாவம், புறாக்களுக்குத்தான் வீண் பழி.

இரண்டு பேரும் செய்தது ஒரே காரியம். ஒவ்வொன்றாகக் கழித்துப் பார்ப்பது. நீங்களும் நானும் வீட்டில் செய்யக்கூடியதும் அதுதான். சார்ஜரைக் கழற்றினால் சத்தம் நிற்கிறதா? நின்றால், விசாரணையை சார்ஜர், ப்ளக், வீட்டு வயரிங் பக்கம் திருப்புங்கள். நிற்காமல், வேலைக்குத் தக்கபடி சுதி மாறுகிறதா? உள்ளே இருக்கும் சுருள், அவ்வளவுதான். ‘டக்... டக்...’ என்று சீரான தட்டலா? மின்சாரச் சத்தமே இல்லை, பழைய ஹார்டு டிஸ்க் சாகக் கிடக்கிறது, முதலில் ஃபைல்களை வேறு இடத்தில் காப்பி எடுங்கள். ‘பட் பட்’டென்று வெடிக்கிற மாதிரி, கூடவே கருகல் வாசனையா? ஆராய்ச்சியே வேண்டாம், உடனே சுவிட்சை அணைத்துவிடுங்கள்.

எங்கள் விசாரணை ப்ளக்கில் வந்து நின்றது. நம்மூர் மூன்று பின் ப்ளக்கில் மேலே இருக்கிற பின் மட்டும் ஏன் தடிமனாக, நீளமாக இருக்கிறது தெரியுமா? அதுதான் எர்த்து. செருகும்போது மற்ற இரண்டுக்கும் முன்னால் அது போய்த் தொடவேண்டும், கழற்றும்போது கடைசியாக வெளியே வரவேண்டும் என்பதற்காக. 1934-ல் பிரிட்டிஷ்காரர்கள் தரப்படுத்திய வடிவம். 1947-ல் அவர்கள் வேறு ப்ளக்குக்கு மாறிவிட்டார்கள். நாம் இன்னும் பழைய மாடலை விடவில்லை.

பூமியையே ஒரு கம்பியாக உபயோகிக்கலாம் என்பதும் ஒரு தோல்வியிலிருந்து வந்த ஞானம்தான். 1838-ல் பவேரியாவின் ஷ்டைன்ஹைல், ரயில் தண்டவாளங்களையே தந்திக் கம்பிகளாக்கப் பார்த்தார். மின்சாரம் மண்ணுக்குள் இறங்கி ஓடிப்போயிற்று. எரிச்சலில் அவர் அதை விட்டுவிடவில்லை. ‘ஓ, மண்ணே மின்சாரத்தைக் கடத்துகிறதா? அப்படியென்றால் ஒரு கம்பி மிச்சம்!’ என்றார். வீட்டில் எர்த்துக்கு வேலை அதைவிட முக்கியமானது. கசிகிற மின்சாரம் உங்கள் உடம்பு வழியாக மண்ணுக்குப் போகாமல், தனக்கென்று போட்ட பாதையில் போகவேண்டும். கொல்லையில் குழி தோண்டி, கரியும் உப்பும் போட்டு, குழாயைப் புதைத்து, அவ்வப்போது தண்ணீர் ஊற்றச் சொல்வது இதற்காகத்தான்.

லேப்டாப் சார்ஜர்கள் பலவற்றில், இரைச்சலை வடிகட்டி எர்த்துக்கு அனுப்பச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இருக்கும். எர்த்தே இல்லையென்றால் அந்தக் கசடு எங்கே போகும்? லேப்டாப்பின் உடம்பிலேயே நிற்கும். மீட்டர் வைத்தால் நூறு வோல்ட்டுக்கு மேலேகூடக் காட்டும். ஆனால், ஓடுகிற மின்சாரம் சொற்பம். கூசுமே தவிரக் கொல்லாது. அது பயமில்லை. பயம் வேறு. வீட்டு எர்த்துக் கம்பி எல்லா பாயின்ட்டுக்கும் பொது. கொல்லைக் குழியில் அது அறுந்துபோனால், கிரைண்டர் உடம்பு, ஃப்ரிட்ஜ் உடம்பு, லேப்டாப் உடம்பு எல்லாம் ஒன்றோடொன்று இணைந்து, ஆனால் மண்ணோடு மட்டும் இணையாமல் நிற்கும். கிரைண்டரில் கசிவது ஹெட்ஃபோன்வரை வரும்!

ஊரில் எலெக்ட்ரீஷியன் தம்பி ஒருவரைக் கூப்பிட்டோம். டெஸ்ட் லாம்ப்பை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவில் வைத்தார், பளிச்சென்று எரிந்தது. ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவில் வைத்தார், சுத்தமாக எரியவில்லை. (இதை நீங்கள் வீட்டில் செய்து பார்க்காதீர்கள். தெரிந்தவரைக் கூப்பிடுங்கள்.) “எர்த்தே இல்லீங்க” என்றார். கொல்லைப்புறம் போய்ப் பார்த்தால், குழியையே காணோம்! இரண்டு வருஷம் முன்னால் கொல்லையில் புதிதாகச் சிமென்ட் தளம் போட்டபோது, குழியை மூடி மேலே டைல்ஸ் ஒட்டிவிட்டார்கள். கம்பி துருப்பிடித்து முறிந்து கிடந்தது. கிரைண்டர் மோட்டாரில் இன்சுலேஷன் தேய்ந்து, கசிவும் ஆரம்பித்திருந்தது.

தங்கையும் மகளும் சமையலறையில் ரப்பர் செருப்பு போடுகிறவர்கள். அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை. பாட்டி மட்டும் வீட்டுக்குள் செருப்பு போடமாட்டார். ஈரத் தரையில், வெறுங்காலோடு, மாவு வழித்த ஈரக் கையோடு தினமும் அந்தக் கிரைண்டரைத் தொட்டுக்கொண்டிருந்தார். கசிவு கொஞ்சம் கூடியிருந்தால்... வேண்டாம், அந்த வாக்கியத்தை நான் முடிக்கப்போவதில்லை.

அன்றைக்கே புதுக் குழி தோண்டியாயிற்று. மெயின் போர்டில் ஆர்.சி.சி.பி. ஒன்றும் வைத்தாயிற்று. போகிற மின்சாரத்துக்கும் திரும்புகிற மின்சாரத்துக்கும் 30 மில்லி ஆம்பியர் வித்தியாசம் வந்தால், கண்ணிமைக்கும் நேரத்தில் கரன்ட்டைத் துண்டித்துவிடும். கிரைண்டர் மோட்டார் ரிப்பேருக்குப் போயிற்று. ஹெட்ஃபோன் உறுமல் நின்றுபோயிற்று. கீச்சுச் சத்தம் மட்டும் இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும். அது பேஜ் துரையின் சங்கீதம்!

சாயங்காலம் மாதா கோயில் வாசலில் உட்கார்ந்திருந்தபோது, பெஸ்கியைத்தான் நினைத்துக்கொண்டேன். அந்தக் காலத்தில் ‘எ’ ‘ஏ’ இரண்டுக்கும், ‘ஒ’ ‘ஓ’ இரண்டுக்கும் ஒரே உருவம். குறில் என்றால் தலையில் ஒரு புள்ளி. ஓலையில் புள்ளி வைத்தால் ஓலை கிழியும் என்று அதையும் விட்டுவிடுவார்கள். நாம் பழக்கத்தில் சமாளித்துக்கொண்டிருந்தோம். வெளியூரிலிருந்து வந்த ஒருவருக்குத்தான் ‘இரண்டும் வேறு சத்தமாயிற்றே, கண்ணுக்கும் வேறாகத் தெரியவேண்டாமா?’ என்று உறுத்தியது. ‘ஏ’வுக்குக் காலை இழுத்தார், ‘ஓ’வுக்குச் சுழித்தார். ஏலாக்குறிச்சி என்று எழுதும்போது, முதல் எழுத்திலேயே அவர் கை தெரிகிறது.

நமக்குக் கேட்காத சத்தம், இல்லாத சத்தம் ஆகிவிடாது. அந்த வீட்டில் ஒரு பெண்ணுக்கு மட்டும் ஒன்று கேட்டது. ஒரு பாட்டிக்கு மட்டும் ஒன்று உறைத்தது. சின்னவள் சொன்னால் சாக்கு, பெரியவர் சொன்னால் வயசு என்று நடுவில் இருந்த நாங்கள்தான் பரமார்த்த குருவின் சீடர்கள்!

உங்கள் வீட்டிலும் யாராவது, ‘தொட்டா சுர்ருங்குது’ என்று சொல்லிக்கொண்டிருக்கிறார்களா? மாத்திரை வாங்குவதற்கு முன்னால், எர்த்துக் குழி எங்கே இருக்கிறதென்று ஒரு நடை போய்ப் பார்த்துவிட்டு வந்துவிடுங்கள்.